வழிகாட்டி நூலை எதைப் பார்த்து வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைநடை, காட்டுநடை பற்றிப் பயணப் பக்கங்களில் கட்டுரை வரும்போதெல்லாம் கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘அந்தப் பகுதிக்கான நல்ல வழிகாட்டி நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.’ எது நல்ல நூல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மதிப்புரைகளோ படங்களையும் எழுத்து நடையையும் பாராட்டிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. கூடாரத்தையும் மூன்று நாள் சாப்பாட்டையும் முதுகில் சுமந்து போகிறவர் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று புத்தகத்தைத் திறப்பார். அங்கே விடை இருக்க வேண்டும். இருக்குமா என்பதை வாங்கும் முன்பே கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

அட்டையை விட்டுவிட்டு முதலில் பதிப்பு விவரப் பக்கத்துக்குப் போங்கள். ‘மறுபதிப்பு’ என்றால் பழைய பக்கங்களையே திரும்ப அச்சடித்திருக்கிறார்கள் என்று பொருள். ‘திருத்திய பதிப்பு’ என்று இருந்தால்தான் உள்ளே ஏதாவது மாறியிருக்கும். அதிலும் எவ்வளவு மாறியது என்பதை முன்னுரையில்தான் தேட வேண்டும். அச்சான ஆண்டும் பாதையை நடந்து பார்த்த ஆண்டும் ஒன்றல்ல. ஒரு பிராந்தியம் முழுவதையும் நடந்து, எழுதி, வரைபடம் வரைந்து, அச்சுக்கு அனுப்புவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் கீழே ‘கடைசியாக நடந்து சரிபார்த்த மாதம், ஆண்டு’ போட்டிருக்கும் நூலுக்குத் தனி மதிப்பு உண்டு. அப்படிப் போடுகிறவர்கள் குறைவு.

பழைய நூல் என்பதற்காகவே ஒதுக்கிவிடவும் வேண்டாம். முகடு, கணவாய், பள்ளத்தாக்கு, பாறைச்சுவர் ஆகியவை முப்பது ஆண்டில் நகர்ந்துவிடாது. மாறுகிறவை வேறு: மரப்பாலம், தோட்டங்களுக்குள் போகும் பாதை, சிறு ஊற்று, பேருந்து நேரம், அனுமதி விதி, தொலைபேசி எண். வெட்டிவிட ஆளில்லாத ஒற்றையடிப் பாதையைப் புதர் இரண்டு மழைக்காலத்திலேயே மூடிவிடும். பழைய நூலை நில அமைப்புக்கு நம்புங்கள். இந்த இரண்டாம் வகை விவரங்களைப் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்தின் இணையதளத்தில் திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்தம் வெளியிடும் பதிப்பகம் தன் தவறைத் தேடிக்கொண்டிருக்கிறது. திருத்தமே இல்லாத வழிகாட்டி நூல் என்றால் பெரும்பாலும் யாரும் சரிபார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாதை அந்த நூலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மட்டும் வரி விடாமல் படியுங்கள். எல்லோரும் வழி தப்பும் அந்தத் திருப்பத்தைச் சொல்லியிருக்கிறாரா? கோடையில் வற்றும் ஓடையை வற்றும் என்று குறித்திருக்கிறாரா? தெரிந்த பாதையில் கோட்டை விட்டவர் தெரியாத பாதையில் மட்டும் சரியாக எழுதியிருக்க வாய்ப்பில்லை.

தெரிந்த பாதை எதுவும் இல்லையென்றால் வழி விவரிப்பின் நடையைக் கவனியுங்கள். ‘ஓடையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் வலப்புறம் திரும்பவும்’ என்று ஒரு நூல் எழுதும். இன்னொன்று இப்படி எழுதும்: ‘ஓடையைக் கடந்தபின் 400 மீட்டர், சுமையுடன் 6 நிமிடம். வலப்புறப் பாதை மேலேறும். இடப்புறப் பாதை அகலமானது, ஆனால் மேய்ச்சல் வெளியில் போய் முடியும். இரண்டாவது ஓடை எதிர்ப்பட்டால் பிரிவைத் தாண்டி வந்துவிட்டீர்கள்.’ இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, வாங்கும் காசு அதற்குத்தான். வழி தப்புவது யாருக்கும் நேரும். தப்பிவிட்டோம் என்பது எந்த இடத்தில் தெரியவரும் என்று சொல்லும் நூல் அந்தத் தவறைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடும். அகலமான பாதை தவறான பாதையாக இருக்கும் இடங்களில் இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் களைத்த கால்கள் தாமாகவே அகலமான பக்கம் திரும்பும்.

ஆற்றின் ‘இடக்கரை’, ‘வலக்கரை’ என்பதை நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று கணக்கிடுவதுதான் மரபு. நூல் அதைப் பின்பற்றுகிறதா, நடக்கிறவரின் இடம் வலத்தைச் சொல்கிறதா என்று முன்பக்கத்தில் விளக்கியிருக்க வேண்டும். ஓடைக்கு எதிர்த்திசையில் ஏறும்போது இந்த இரண்டும் நேர் எதிராகிவிடும். ஒரே திசையில் மட்டும் விவரிக்கும் நூலை மறுமுனையிலிருந்து நடக்கப் பயன்படுத்துவது சிரமம். ஏறும்போது கண்ணுக்கு நேரே தெரியும் பிரிவு இறங்கும்போது முதுகுப் பக்கம் போய்விடும்.

வரைபடத்துக்கு வருவோம். பெரும்பாலான நூல்கள் சறுக்குவது இங்கேதான். 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.; 1:25,000 அளவையில் 4 செ.மீ. நடைக்கு இந்த இரண்டும் ஏற்றவை. 1:2,50,000 அளவையில் 1 கி.மீ. வெறும் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். சாலைப் பயணத்துக்குச் சரி, பாதைப் பிரிவைக் கண்டுபிடிக்க உதவாது. சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், எத்தனை மீட்டருக்கு ஒன்று என்றும் பாருங்கள். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் வரைபடத்தில் வெறும் சரிவாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட பாறையை எழுத்தில் சொல்வது ஆசிரியரின் வேலை. கோடுகளே இல்லாமல் பச்சை வண்ணம் பூசி, நடுவில் சிவப்புப் புள்ளிக்கோடு போட்டிருந்தால் அது வரைபடம் அல்ல, படம்.

விகிதம் மட்டும் அச்சிட்டு அளவுகோல் பட்டை போடாத வரைபடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தைச் சுருக்கி நகலெடுத்தாலோ கைபேசியில் படம் பிடித்தாலோ விகிதம் பொய்யாகிவிடும். பட்டையும் கூடவே சுருங்குவதால் அதை நம்பலாம். வரைபடம் இரண்டு பக்கங்களில் பரவி, முக்கியமான கணவாய் சரியாகத் தையலுக்குள் போய் மறைந்திருப்பதையும் பார்க்க முடிகிறது. கடையிலேயே புத்தகத்தை விரித்துப் பாருங்கள்.

காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்குக்கும் வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் வேறு, ஆண்டுக்கு ஆண்டும் மாறும். எத்தனை பாகை, எந்த ஆண்டுக் கணக்கு, ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்ற மூன்றும் வரைபடத்தில் இருக்க வேண்டும். 10 பாகை வித்தியாசத்தைக் கவனிக்காமல் காம்பஸைப் பிடித்து 1 கி.மீ. நடந்தால் ஏறக்குறைய 175 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடுவோம். மூடுபனியில் அது அடுத்த ஓடைப் பள்ளம்.

ஜிபிஎஸ் புள்ளிகள் கொடுத்திருந்தால் எந்த வடிவத்தில் என்று பாருங்கள். ஒரு பாகைக்கு 60 கலை; ஆகவே 30 பாகை 5 கலை என்பது தசமத்தில் 30.083. அதையே 30.05 என்று கருவியில் அடித்தால் புள்ளி வடக்கு-தெற்காக 3.7 கி.மீ. தள்ளிப் போகும். பெரிய பிழை என்றால் புள்ளி வேறு மாவட்டத்தில் விழுந்து உடனே தெரிந்துவிடும். இந்த மாதிரிச் சின்னப் பிழை அதே மலைத்தொடருக்குள் நம்பும்படியான ஓர் இடத்தில் விழும், அதனால்தான் ஆபத்து. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம்; மூன்று என்றால் 111 மீட்டர். எந்த ஆதாரத்தளம், அதாவது பூமியின் வடிவத்துக்கு எந்த அடிப்படைக் கணக்கை வைத்துப் புள்ளிகளை அளந்தார்கள், என்பதும் தேவை. இன்றைய கருவிகள் வழக்கமாக டபிள்யூஜிஎஸ் 84-இல் இயங்குகின்றன. பழைய வரைபடங்கள் வேறு தளத்தில் வரையப்பட்டவை. மாற்றாமல் அப்படியே எடுத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகலாம்.

நடைநேரத்தை நூல் எப்படிக் கணக்கிட்டது என்று தேடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் அடிப்படையாகப் பயன்படுகிறது: மெட்ரிக் அளவில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 14 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 48 நிமிடத்தோடு ஒன்றரை மணி சேர்ந்து 4 மணி 18 நிமிடம். இது ஓய்வில்லாமல், நல்ல பாதையில் நடக்கிற கணக்கு. பெரிய சுமையோடும் நடுவே உட்கார்ந்து எழுந்தும் போகிறவர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூட்டிக்கொள்ள வேண்டும். 6 மணி நேரம் என்று வையுங்கள். நூலில் உள்ள நேரம் ஓய்வையும் சுமையையும் சேர்த்ததா என்று ஒரு வரி இல்லாவிட்டால், முதல் நாள் உங்கள் நேரத்தை நூலின் நேரத்தோடு ஒப்பிட்டு அந்த விகிதத்தை மற்ற நாட்களுக்கும் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஆள் எழுதிய நூலில் இது நன்றாகவே பொருந்தும். பலர் எழுதித் தொகுத்த நூலில் பாதைக்குப் பாதை விகிதம் மாறும்.

ஏற்றம் என்பதிலும் ஏமாற்று உண்டு. 1,200 மீட்டரில் தொடங்கி 1,500 மீட்டரில் முடியும் பாதையை ‘300 மீட்டர் ஏற்றம்’ என்று எழுதிவிடுவார்கள். நடுவில் இரண்டு முறை 250 மீட்டர் இறங்கி ஏற வேண்டியிருந்தால் மொத்த ஏற்றம் 800 மீட்டர். ஏற்றத்துக்குக் கூடுதலாக அரை மணி என்று நினைத்த இடத்தில் 1 மணி 20 நிமிடம் ஆகும். உயரக் குறுக்குவெட்டுப் படம் ஒன்று இருந்தால் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கடினத் தரத்துக்கு ‘எளிது, நடுத்தரம், கடினம்’ என்ற மூன்று சொல் போதாது, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேண்டும். சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் டி1 முதல் டி6 வரையான தரவரிசை இதற்கு நல்ல மாதிரி: எந்தத் தரத்தில் கையை ஊன்ற வேண்டிவரும், எங்கே விழுந்தால் ஆபத்து என்றெல்லாம் வரையறுத்திருக்கிறார்கள்.

ஒருநாள் நடைகளுக்கான நூலைப் பலநாள் பயணத்துக்கு வாங்குவதுதான் பரவலாக நடக்கும் தவறு. இரண்டு நடைகளை ஒட்டுப்போட்டால் மூன்று நாள் பயணம் ஆகிவிடாது. இரவு தங்க இடமும் தண்ணீரும் அந்த நூலில் இருக்காது. தண்ணீரைப் பொறுத்தவரை ‘கிடைக்கும்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. எந்த மாதம் பார்த்தார், வற்றாத ஊற்றா, மழைக்கால ஓடையா, அடுத்த தண்ணீர் எத்தனை கி.மீ. என்ற விவரம் வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நூலை நம்ப முடியாவிட்டால் கூடுதலாக இரண்டு கிலோ சுமக்க நேரும். கூடாரம் போடும் இடத்துக்கு எத்தனை கூடாரம் கொள்ளும், தரை மண்ணா பாறையா, மழை பெய்தால் நீர் தேங்குமா என்பவை முக்கியம். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் தங்க வேண்டும் என்பது இயற்கையைக் கெடுக்காமல் நடப்போரின் பொது விதி. ஓடை விளிம்பில் கூடாரம் நிற்கும் அழகான படத்தை அட்டையில் போடும் நூல்களின் மற்ற அறிவுரைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்கலாம்.

ஒவ்வொரு நாள் பகுதியிலும் பாதியில் விலகி அருகிலுள்ள சாலைக்கு இறங்க வழி உண்டா, எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நூலை வைத்துவிடுங்கள்.

எடுத்துச் செல்லும் விஷயத்திலும் ஒன்று. 400 கிராம் புத்தகத்தை முழுதாகச் சுமக்க வேண்டியதில்லை. சொந்த உபயோகத்துக்குத் தேவையான 12 தாள் நகல் எடுத்தால், சாதாரண ஏ4 தாள் 5 கிராம் வீதம் 60 கிராம்தான். லேசர் அச்சு நனைந்தாலும் ஓடாது. இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரைந்துவிடும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள், இல்லாவிட்டால் அளவை கெட்டுவிடும்.

கைபேசிச் செயலி இருக்கும்போது நூல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பதிவேற்றிய தடம் ஒருவர் நடந்த கோடு, அவ்வளவுதான். அவர் வழி தப்பி அலைந்து திரும்பியதும் அதே கோட்டில்தான் இருக்கும். ஏன் அங்கே திரும்பினார் என்பதை அது சொல்லாது. இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய நூல்களுக்கு மதிப்புரை வெளியிடும்போது பக்க எண்ணிக்கை, விலை ஆகியவற்றோடு நான்கு தகவல்களையும் சேர்த்து அச்சிடுங்கள்: பாதைகளைக் கடைசியாகச் சரிபார்த்த ஆண்டு, வரைபடத்தின் அளவை, ஒருநாள் நடைக்கா பலநாள் பயணத்துக்கா என்பது, திருத்தப் பட்டியல் கிடைக்கும் இடம். மதிப்புரை எழுதுகிறவர் நூலில் உள்ள ஒரு பாதையையாவது அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தாரா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்