வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தோவாளை, ஆரல்வாய்மொழி சுற்றுவட்டாரத்து அக்காமார், அண்ணாச்சிமார், மாமா, மதினி எல்லாருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 காலையில் எங்கள் இரண்டாம் வகுப்புக்காரி பள்ளிக்கூட மேடையில் வனதேவதையாக நின்றதை உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். மீதிப் பேர், அன்று கடைசி ஆடி வெள்ளி, முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலிலோ பூச்சந்தையிலோ இருந்திருப்பீர்கள். "உடுப்பு யாரு செஞ்சா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் கூச்சமே இல்லாமல் "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை எச்சில் தொட வேண்டும். அந்தப் பொய்யை நேர் செய்யத்தான் இந்த மடல்.

இதில் ஒரு வேடிக்கை. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதிப் பார்த்தால், பொருள் கொடுத்தவர்களைவிட "அது வேண்டாம்" என்று தடுத்தவர்கள்தான் அதிகம்.

மாறுவேடப் போட்டி என்றதும் முதலில் நான் போனது வாடகை உடுப்புக் கடைக்கு. பிள்ளைக்குக் கரப்பான் தோல் என்பது அக்கம்பக்கத்தில் தெரியும். நைலான் வலையில் மினுக்குத் தூள் ஒட்டிய இறக்கையைப் போட்டுப் பார்த்த பத்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. கொடுத்த 300 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்றார்கள். கடை எது என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கோபத்தில் ஒரு முடிவு எடுத்தேன். எல்லாம் இலை, பூ, நார், விதை என்று இயற்கைப் பொருளாகவே செய்துவிடலாம், இயற்கை என்றால் பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று. அந்த நினைப்பில் எத்தனை ஓட்டை இருந்தது என்பதைத்தான் நீங்கள் ஒவ்வொருவராக எனக்குக் காட்டினீர்கள்.

வீட்டிலேயே முதல் தடை. என் அம்மா கேட்டது: "காட்டுல இறக்கை வச்ச தேவதை எங்கடே இருக்கு? நமக்குத் தெரிஞ்சது முப்பந்தல்ல இருக்கவ ஒருத்திதான்." படப் புத்தகத்தைக் காட்டி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன், இரண்டு நிபந்தனையோடு. சிவப்புத் துணி கூடாது. கையில் வேப்பிலை கொடுக்கக்கூடாது. "பிள்ளை தேவதையா போட்டும். இசக்கியா போக வேண்டாம்." சரி அம்மா, நன்றி. அந்த நிபந்தனையால்தான் உடுப்புக்கு மரப்பட்டை நிறம் என்று முடிவாயிற்று.

அடுத்தது சந்தையில் பூக்கட்டும் அக்கா. 2025 ஏப்ரலில் நம் தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா? அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை வைத்து மாணிக்கமாலை மாதிரியே கிரீடமும் கழுத்துப் பட்டையும் கட்டித் தாருங்கள் என்று போய் நின்றேன். அக்கா கை நிற்கவில்லை. கட்டிக்கொண்டே சொன்னார்கள்:

"அரளி பூவு, இலை, கம்பு, பால் அத்தனையும் விசம் தம்பி. சாமி கழுத்துல கெடக்கலாம். சாமி கடிச்சுப் பாக்காது. ஏழு வயசுப் பிள்ளை பாக்கும்லா?"

பூச்சந்தை இருக்கும் ஊரில் நாற்பது வருடமாக வாழ்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அரளிக்குப் பதிலாக அவர்கள் கைகாட்டியது வாடாமல்லி. பறித்து நாலு நாள் ஆனாலும் நிறம் போகாது, உதிராது, கசங்கினாலும் தெரியாது. பச்சை மட்டும் அன்று காலையில்தான் சேர்க்க வேண்டும், முதல் நாளே வைத்தால் மேடை ஏறுவதற்குள் கருகிவிடும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள்.

சொன்னதோடு விடவில்லை. ஆடி வெள்ளி, காலை நாலு மணி, சந்தையில் மூட்டை மூட்டையாகப் பூ இறங்குகிற நேரம். எனக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். பனங்குருத்தை வளையமாகச் சுற்றிக் கொடுத்திருந்தேன். நனைத்த வாழைநாரை இடது பெருவிரலில் ஒரு சுற்று, இரண்டு வாடாமல்லி எதிரும் புதிருமாக, நடுவில் ஒரு கொத்து மரிக்கொழுந்து, நாரை ஒரு வளைப்பு வளைத்து இழுத்தால் முடிச்சு. குருத்தோலையை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் செவ்வந்தி விலை பேசிக்கொண்டே கட்டி முடித்தார்கள். காசு வாங்கவில்லை. அக்கா, உங்களுக்குத்தான் இந்த மடலின் முதல் கும்பிடு.

குன்றிமணி சமாச்சாரம் இதைவிட மோசம். சிவப்பும் கறுப்புமாக எவ்வளவு அழகு, ஓட்டை போட்டு மாலை கோத்துவிடலாம் என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழுசாக இருக்கும்வரை அதன் தோல் கெட்டி. ஓட்டை போட்டாலோ கடித்தாலோ உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே வரும், ஒரு விதையே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லி, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பதில் கால் கிலோ கடுக்காய் கட்டிக் கொடுத்தார். துணிக்குச் சாயம் வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். பழைய பருத்தி வேட்டியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, துருப்பிடித்த ஆணிகள் ஊறிய வெல்லத் தண்ணீரில் முக்கினால், கண் முன்னாலேயே துணி கறுக்கிறது. மந்திரம் மாதிரி. அதற்கு முன்னால் முருங்கைக்கீரையை அரைத்துப் பச்சைச் சாயம் எடுக்கப் பார்த்தேன்; கிடைத்தது பழைய மோர் நிறம். அதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

மலையடிவாரத்தில் என்னை மடக்கிய வனத்துறை ஊழியருக்கும் நன்றி. வனதேவதைக்கு வனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சாக்கும் கத்தியுமாகப் போயிருந்தேன். காப்புக்காட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் இலையைக்கூட அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, "உங்க ஊரு குளத்தங்கரையில இல்லாத மரமா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது.

இப்போது இறக்கை. முதலில் செய்தது வாழைச்சருகை அடுக்கி மைதாப் பசையில் ஒட்டியது. பசை வாசத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக எறும்பு ஏறிவிட்டது. பைண்டிங் வேலை செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்களே, அதைக் கலக்கலாமா என்று யோசித்தபோது, அதுவும் விஷம் என்று எதிர்வீட்டு மாமா அடிக்காத குறை. எறும்பைத் தட்டிவிட்டு மாடியில் போட்டுப் பார்த்தோம். ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்கள் சும்மாவா இந்தக் கணவாயில் வந்து குடியிருக்கிறார்கள். ஒரே வீச்சு. பிள்ளை இரண்டடி பின்னால் போய் என் மேல் விழுந்தாள். இறக்கை தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது.

ஓய்வு பெற்ற டிராயிங் சார்தான் வழி சொன்னார். காற்றைத் தடுக்காத இறக்கை வேண்டும் என்றால் காற்று நுழைகிற இலை வேண்டும். அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவிட்டால் சதை கரைந்து நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். மூன்று வாரம் ஆகும். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். "பிள்ளை முதுகுல படுற பொருளு. அவசரத்துக்குச் சோடா வேண்டாம்" என்றார்.

குளத்தங்கரை அரசமரத்தில் முற்றிய இலையாக அறுபது எடுத்து, மதினியின் அலுமினியப் போணியில் ஊறப்போட்டேன். ஐந்தாம் நாள் கொசு ஒழிப்புப் பணிக்கு வரும் அக்கா வந்து போணியை எட்டிப் பார்த்தார்கள். வனதேவதை, இறக்கை, ஆகஸ்ட் 15 என்று நான் விளக்க விளக்க அவர்கள் முகம் மாறவே இல்லை. "ஒரு வாரம் தண்ணி நின்னா புழு கொசுவாயிரும். டெங்கு வந்தா தேவதை எங்க போயி ஆடுவா?" கவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். கெஞ்சிய பிறகு ஒரு ஏற்பாடு: வாய் முழுக்கத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மண்ணில் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். தண்ணீர் மாற்ற மாற்றத்தான் நரம்பு கறுக்காமல் வந்தது என்று பிறகு சார் சொன்னார். ஆக, அந்த அக்கா காத்தது எங்களை மட்டுமில்லை, இறக்கையையும்தான்.

நாற்றம் பற்றி எழுதாமல் விட்டால் தெருக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பத்தாம் நாள் முதல் செத்த எலியைத் தேடி மூன்று வீட்டில் பரண் இறக்கினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் ஒவ்வொரு இலையாகத் தட்டில் வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் காம்பிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தடவினேன். பச்சைச் சேறு மாதிரி ஏதோ வழிந்து போனது. அடியில், சிலந்திவலையைவிட நெருக்கமாக, நீண்ட வால் நுனி வரைக்கும் நரம்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் இருந்த என் மகள் முகம் தெரிந்தது. அறுபதில் முப்பத்தி நாலு தேறியது.

இறக்கைக்குச் சட்டம் கட்டிக் கொடுத்தவர்கள் கூடை முடையும் தம்பதி. மூங்கில் பத்தையை விளக்குச் சூட்டில் காட்டிக் காட்டி வளைத்தார்கள். செதில் குத்தக்கூடாது என்று கண்ணாடிச் சில்லால் வழித்துக் கொடுத்தார்கள். இலைகளை அதில் வாழைநாரால் கட்டியது தையற்காரர் மாமா. மெஷினில் ஓட்டச் சொன்னேன். ஊசி போகிற வரிசையிலேயே கிழிந்துவிடும், வேண்டாம் என்று கையாலேயே தளர்வாகக் கட்டினார். பாவாடைக்குக் காய்ந்த வாழைச்சருகு. பச்சை இலையில் கட்டிய முதல் பாவாடையின் கறை என் வெள்ளைச் சட்டையில் இன்னும் இருக்கிறது, இனியும் இருக்கும். தேக்கிலை சொரசொரப்பு, அவள் தோலுக்கு ஆகாது என்றதும் மாமாதான்.

அன்றைக்கு நடந்தது தெரியும். மேடைப் பந்தல் படபடத்தது. ஒரு பாரதியாரின் தலைப்பாகை பறந்து கொடிக்கம்பத்தில் சிக்கியது. ஒரு நேருவின் ரோஜா போனது. எங்கள் வீட்டு இறக்கை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். காற்று அதன் வழியாகவே போய்விட்டது. காட்டைக் காப்போம் என்று நான் எழுதிக் கொடுத்த நாலு வரியை அவள் சுத்தமாக மறந்துவிட்டு, மைக்கைப் பிடித்து, "இது அரச இலை. அழுக வச்சது. எங்க வீட்ல நாத்தம் தாங்க முடியல" என்றாள். எலி தேடிய மூன்று வீட்டாரும் முன்வரிசையில் இருந்தீர்கள். உண்மை அப்படித்தான் வெளியே வந்தது. முதல் பரிசு ஒரு வேலு நாச்சியாருக்கு. நியாயமான பரிசு, அந்தப் பிள்ளை வாளை வீசிய வீச்சு அப்படி. நமக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர். மஸ்கட்டில் அப்போது காலை ஏழரை. நைட் டியூட்டி முடிந்து சீருடைகூட மாற்றாமல் போனில் பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா சிரித்ததில் போன் கையிலிருந்து விழுந்து, எங்களுக்குக் கொஞ்ச நேரம் கூரை மின்விசிறிதான் தெரிந்தது. கழுத்தில், முதுகில் ஒரு தடிப்புகூட இல்லை என்று அன்று ராத்திரி இரண்டு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

கொடுக்கல் வாங்கல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மதினி, உங்கள் போணியைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்துவிட்டேன். வாடை போகவில்லை, வரும் சம்பளத்தில் புதுசு வாங்கித் தருகிறேன். தையற்காரர் மாமா, உங்கள் கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கிறது, தேட வேண்டாம். வாழைச்சருகுப் பாவாடை பூக்கட்டும் அக்கா கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டது. இறக்கை மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை கிடையாது. அட்வான்ஸும் கிடையாது.

அன்புடன்,
இரண்டாம் வகுப்புக்காரியின் அப்பா,
தோவாளை