கூரைக்குறிக்காகக் கொதித்தவர்கள் யார்?

ஆசிரியருக்கு,

பிரெஞ்சு மொழித்தூய்மை என்றாலே 1635-இல் தொடங்கிய, அந்த மொழியைக் காக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமியின் பிடிவாதம் என்று எழுதிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். 1990-இல் எழுத்துக்கூட்டலை எளிதாக்கும் பரிந்துரைகளுக்கு அந்த அகாதெமியே ஒப்புதல் தந்தது. சில சொற்களில் ‘i’, ‘u’ எழுத்துகளின் தலைமேல் கூரைபோல் இருக்கும் கூரைக்குறியை (^) விட்டுவிடலாம், வெங்காயம் என்ற சொல்லில் ஒலிக்காத ஓர் எழுத்தை நீக்கலாம் என்பது போன்றவைதான். கட்டாயமும் இல்லை.

2016-இல் பள்ளிப் பாடநூல்களில் இவை வரப்போகின்றன என்றதும் சாதாரண மக்கள்தான் சமூக ஊடகங்களில் கொதித்தெழுந்தார்கள். ‘நானே கூரைக்குறி’ என்று முழங்கினார்கள். பேச்சில் ‘வீக்கெண்ட்’ என்று ஆங்கிலச் சொல்லைக் கூச்சமின்றிச் சொல்லும் அதே மக்கள்! எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. சிறுவயதில் சொல்வதெழுதலில் திட்டு வாங்கிக் கற்ற எழுத்தைக் கைவிட யாருக்குத்தான் மனம் வரும்? அந்த உழைப்பை அகாதெமியின் கணக்கில் எழுதாதீர்கள்.

– வாசகர், புதுச்சேரி