எந்த வரிசை என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"வீட்டுக்கு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காச்சு, இன்னும் பேர் வரலை." திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஊட்டிக்கு வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எந்தப் பட்டியலில் வரவில்லை என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அது அவர்கள் தவறல்ல. அரசு வீட்டுக்கு ஒரே வரிசை கிடையாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீலகிரியில் குழப்பம் ஊரின் பெயரிலேயே தொடங்குகிறது. ஓவேலி, தேவர்சோலை, சோலூர், நடுவட்டம் எல்லாம் பார்வைக்குக் காடும் தேயிலையுமான கிராமங்கள், சட்டப்படி பேரூராட்சிகள். நெல்லியாளம் நகராட்சி. அங்கே குடியிருப்பவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது எங்கும் போகாது. கிராமப்புற பிரதமர் வீடு திட்டமும், ரூ.3.50 லட்சத்தில் 360 சதுர அடி வீடு தரும் கலைஞரின் கனவு இல்லமும் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். பேரூராட்சி, நகராட்சிக்காரர்களுக்கு நகர்ப்புறத் திட்டம் தனி: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பார்த்தாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஊராட்சிப் பட்டியலில் பலரும் அறியாத ஒன்று, மனு கொடுத்த தேதிக்கு அங்கே மதிப்பே இல்லை. பிரதமர் வீடு திட்டத்தின் நிரந்தரக் காத்திருப்போர் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதில் விடுபட்டவர்களுக்காக 2018-இல் இன்னொரு கணக்கெடுப்பு தொடங்கியது. வீடே இல்லாதவர் முதலில், பிறகு ஒரு அறை, இரண்டு அறை கச்சா வீட்டுக்காரர் (மண் சுவர், ஓலைக் கூரை போன்ற உறுதியில்லாத வீடு). அதற்குள் 16 முதல் 59 வயதுக்குள் யாரும் இல்லாத வீடு, அந்த வயதில் ஆண் இல்லாமல் பெண் தலைமையில் இருக்கும் வீடு, உடல்திறன் உள்ள பெரியவர் யாரும் இல்லாமல் மாற்றுத்திறனாளி இருக்கும் வீடு என்று புள்ளிகள் கூடும். பத்து முறை மனு எழுதினாலும் இடம் முன்னே நகராது. பட்டியலில் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பதுதான் பயன் தரும்.

பெயரை நீக்கினால் காரணத்தைக் கிராம சபை பதிவு செய்ய வேண்டும். நீக்கப்பட்டவர் மாவட்ட மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஆனால் தீர்மான நகல் இல்லாமல் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "என் வீட்டுப் பிரச்சினை என்ன ஆனது" என்று எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்றுதான் பதில் வரும். ஊராட்சியின் காத்திருப்போர் பட்டியல் நகல், அதில் என் வரிசை எண், நீக்கப்பட்டவர் பெயர்கள், நீக்கிய தீர்மானத்தின் எண்ணும் தேதியும் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தத் தகவல் மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

பட்டா இல்லை என்பதே இங்கே பெரிய முட்டுக்கட்டை. கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு நிலத்தில், அதாவது தோட்டக் குத்தகை நிலத்தில், இருப்பவர்களிடம் வரி ரசீது இருக்கும், பட்டா இருக்காது. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பட்டா இருந்தாலும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும். பங்காளிகள் கையெழுத்துப் போடாமல் நகராது. தோட்டத் தொழிலாளிக்கு எஸ்டேட் தரும் லைன் வீடு வேலையில் இருக்கும்வரைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பட்டியலில் உள்ளவருக்கு நிலம் இல்லையென்றால் ஏற்பாடு செய்ய வேண்டியது மாநில அரசு என்று கிராமப்புறத் திட்டத்தின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. "நிலம் இல்லை" என்று சொல்லிப் பெயரை அடித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். பழங்குடியினருக்கு 2006 வன உரிமைச் சட்டத்தில் வீட்டிடத்துக்கும் உரிமை கோர வழி உண்டு. கிராம சபை மறுத்தால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிட வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினருக்கும் 2023-இல் வந்த, மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கான பிரதமர் ஜன்மன் திட்டம் தனி வரிசை.

பெயர் வந்த பிறகும் பணம் நின்றுபோகும். ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றால் தவணை திரும்பிவிடும். அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை என்று கட்டம் கட்டமாகப் படம் எடுத்த பிறகே அடுத்த தவணை. கூடலூர்ப் பக்கம் ஜூனில் அடித்தளம் தோண்டினால் குழி முழுக்கத் தண்ணீர்தான். ஆணை கைக்கு வந்ததும் மழைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையை எடுப்பது நல்லது.

ஊராட்சி அலுவலகச் சுவரில் இந்தக் காத்திருப்போர் பட்டியலை வரிசை எண்ணோடு ஒட்ட வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்பே ஒட்டினால், விடுபட்டவர்கள் அன்றே எழுந்து கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி