கோவிவன் என்றொரு நாய்

அன்பு மகள் மலருக்கு,

போன வாரம் பேசும்போது, "இந்த நடுகல்லையெல்லாம் மியூசியத்தில் வைத்துவிட்டால் பத்திரமாக இருக்குமே அப்பா" என்றாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சின்ன வயதில் உன்னைத் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூருக்குக் கூட்டிப்போனேனே, செத்த வீரன் நினைவாக நட்ட அந்தக் கல்லை நினைத்துப்பார். வீரனோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கும். எருமைகளைக் காக்கப் போய்க் கருந்தேவக்கத்தி என்ற அந்த வீரன் 'பட்டான்'. போரில் விழுந்தவனை நடுகல் அப்படித்தான் சொல்லும். அவன் நாய் கோவிவன் இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காவல் இருந்ததாம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு. ஏறத்தாழ 1,400 வருடமாகிறது. தமிழ்நாட்டு வரலாறு என்றதும் பெரிய கோவில்களையும் அரசர்களையும் சொல்கிறோம். இங்கே எருமை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் இருக்கிறது, மலர்! எனக்கு இது தஞ்சைக் கோபுரத்துக்குக் குறைந்ததில்லை.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்துத் தொல்லியல் துறை 1972-இல் நூலாகப் போட்டது. கல்லெழுத்தை மையால் தாளில் நகலெடுப்பதற்கு மைப்படி என்று பெயர். அதை எடுப்பதை நானும் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் சுமந்தது நான்தான். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டினார்கள். அப்புறம் மை ஒற்றினார்கள். கறுப்புக்கு நடுவே எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வந்தபோது, அங்கே நின்ற கிழவி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கிழவி மாதிரி ஆட்கள் நடுகல்லையே வேடியப்பன் சாமி என்று கும்பிட்டு விளக்கேற்றி வந்ததால்தான் பல கற்கள் நமக்கு மிஞ்சின. அதே பக்தியில் பெயிண்ட் பூசி எழுத்தை மூடியதும் உண்டு. நம் பக்கத்து ஊரில் ஒரு கல் துணி துவைக்கக் கிடந்தது. இரண்டு வரி தேய்ந்தே போயிற்று. நான் கோபப்படவில்லை, மிச்ச வரிகளை நிலக்காரருக்குப் படித்துக் காட்டினேன். மறுநாளே அவர் ஆள் வைத்து அதைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

சாலை போடும் இடத்தில் அநாதையாகக் கிடக்கும் கல்லை மியூசியத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், சரி. ஆனால் தன்னைச் சுற்றி ஊர் இருக்கும் கல்லுக்கு அந்த ஊர் தெரிந்துகொள்வதே காவல். செத்த இடத்தை விட்டுப் பெயர்த்தால் பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். கோவிவன் கதையை என் பேரனுக்குச் சொல். தமிழிலேயே சொல். பொங்கலுக்கு வரும்போது உன் கேமராவைக் கொண்டு வா. யாரும் படிக்காத கல் ஒன்று ஏரிக்கரையில் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது நாலைந்து எழுத்து தெரிகிறது. ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா