42 ஆட்டங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அமெரிக்காவில் வேலை பார்த்த அதே டொலிடோ நகரில் 1884-இல் ஒருவர் பேஸ்பால் ஆடியிருக்கிறார். பெயர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். கறுப்பினத்தவர் என்பதை மறைக்காமல் மேஜர் லீகில், அதாவது அங்கத்திய பேஸ்பாலின் உயர்மட்டப் போட்டியில், இறங்கிய முதல் மனிதர். அங்கே அவர் ஆடியது ஒரே சீசன், 42 ஆட்டங்கள். கொஞ்ச நாளாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வாக்கர் கேட்சர். நம் ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கிற ஆள். நானும் கீப்பராக நின்றவன் என்பதால் அந்த வேலையின் வலி தெரியும். அந்தக் காலத்தில் இப்போது இருப்பது போன்ற மெத்தை வைத்த கையுறையும் கிடையாது. அடுத்து எப்படிப்பட்ட பந்து வேண்டும் என்று பிட்சருக்கு, அதாவது பந்து எறிபவருக்கு, சைகை காட்டுவதும் கேட்சர்தான்.

அவர் அணியின் முக்கியமான பிட்சர் டோனி முல்லேன். தான் பந்து போட்டவர்களிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்று பல வருடம் கழித்து அவரே சொன்னார். ஆனால் கறுப்பரின் சைகைப்படி நடக்கப் பிடிக்காமல், அதைப் பார்க்காமலே தன் இஷ்டத்துக்குப் போட்டதாகவும் ஒப்புக்கொண்டார். என்ன பந்து வருகிறது என்று தெரியாமலே வாக்கர் அத்தனையையும் பிடித்திருக்கிறார். இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. மீட்டிங்கில் முடிவானதை உன்னிடம் சொல்லாமலே வேலையை மட்டும் கேட்பார்கள், நீயாக யூகித்துச் செய்து முடிப்பாய். அதைச் சொல்லி நீ அழுத அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முந்தைய வருடம், டொலிடோ அணி மேஜர் லீகில் சேருவதற்கு முன், 1883 ஆகஸ்டில், சிகாகோ அணி டொலிடோவுக்கு ஆட வந்தது. வாக்கர் இருந்தால் ஆட மாட்டேன் என்று அதன் கேப்டன் கேப் ஆன்சன் பிடிவாதம் பிடித்தார். வாக்கருக்குக் கையில் வலி, அன்று ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தது. ஆன்சன் அப்படிச் சொன்னதும் டொலிடோ மேனேஜர் சார்லி மார்ட்டன் வேண்டுமென்றே அவரைக் களத்தில் இறக்கினார். ஆடாவிட்டால் டிக்கெட் பணத்தில் பங்கு கிடைக்காது, ஆன்சன் வாயை மூடிக்கொண்டு ஆடினார். அந்த மார்ட்டனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உனக்கு அப்படி ஒருவர் அங்கே வாய்க்கவில்லை.

1884-இல் வாக்கருக்கு விலா எலும்பு முறிந்தது. வெளியூர் ஆட்டத்துக்காகப் போகவிருந்த ரிச்மண்ட் நகரில் வாக்கர் களமிறங்கினால் 75 பேர் சேர்ந்து தாக்குவோம் என்று மேனேஜருக்கு மிரட்டல் கடிதம் வந்தது. செப்டம்பரில், காயம் முழுதாக ஆறாத நிலையில், அணி அவரை விடுவித்தது. பேட்டிங் சராசரி 0.263, அதாவது நாலு முறை அடிக்க நின்றால் ஏறக்குறைய ஒரு முறை வெற்றி. கேட்சராக அடி வாங்கிக்கொண்டே எடுத்தது, நல்ல கணக்குதான். அதே சீசனில் அவர் தம்பி வெல்டியும் சில ஆட்டங்கள் ஆடினார். அப்புறம் 1947-இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் வரும்வரை மேஜர் லீகில் கறுப்பர் என்று அறியப்பட்ட ஒருவருக்கும் இடம் இல்லை.

வாக்கர் கீழ்மட்ட லீகுகளில் 1889 வரை ஆடினார். அங்கேயும் 1887-இல் கறுப்பர்களை இனிமேல் ஒப்பந்தம் செய்வதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். பிறகு பீரங்கிக் குண்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார், தியேட்டர் நடத்தினார், ஒரு புத்தகமும் எழுதினார். 1924-இல் இறந்தார். ஸ்டூபன்வில் என்ற ஊரில் உள்ள அவர் கல்லறைக்கு 1990-இல்தான் பெயர் பொறித்த கல் வைத்தார்கள். அவர் படித்த ஓபர்லின் கல்லூரிக்காரர்கள் வைத்தது. அத்தனை காலம் பெயர்கூட இல்லாமல் கிடந்திருக்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ அனுப்பிய பயோடேட்டாவில் டொலிடோ வேலை இல்லை. கொஞ்ச மாதம்தானே, போட்டால் கேள்வி வரும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வரட்டுமே. அங்கே நீ செய்த வேலை உன்னுடையது. அதைக் குறுக்கியவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்காக நீ ஏன் ஒரு வரியை அழிக்க வேண்டும்? சேர்ந்த மாதம், விலகிய மாதம், என்னென்ன முடித்துக் கொடுத்தாய், மூன்றையும் எழுது. ஏன் விலகினாய் என்று இன்டர்வியூவில் கேட்டால் எப்படிச் சொல்வது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். அம்மாவும் பக்கத்தில் இருப்பாள், என்னைவிட அவளுக்கு நன்றாகச் சொல்ல வரும்.

அன்புடன்,
அப்பா