கூரை யாருடையது?

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் மழை விட்டபாடில்லை. நாம் பிறந்த அந்த லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், இப்போது தங்கச்சி குடும்பம் இருக்கிறது. தகரம் இற்றுப்போய் அடுப்படிக்குள் தண்ணீர் கொட்டுகிறது. தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். "காணி அரசாங்கத்துடையது, நாங்கள் என்ன செய்ய?" என்றார்கள். சரி என்று அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். "தோட்டம் கம்பனி பொறுப்பில் இருக்கிறது, அங்கேயே கேளுங்கள்" என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது நாம் சின்னப் பையன்கள். நீங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன பிறகு, 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி மட்டும் அரசாங்கத்திடம் நின்றது. குத்தகை 53 வருடம், 2045 வரை. ஒவ்வொரு கம்பனியிலும் அரசாங்கத்துக்குத் 'தங்கப் பங்கு' என்று ஒன்று உண்டு. அதை வைத்துக் கணக்கைப் பார்க்கலாம். காணியை உள்குத்தகைக்கு விடுவதென்றால் அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். இவ்வளவு பிடி கையில் இருந்தும் ஒரு கூரைத் தகரத்தை மாற்றச் சொல்ல ஆளில்லை, மச்சான். அரசாங்கத்துக்குப் பலம் இல்லை என்று நான் நம்பவில்லை. காணிக்காரன் என்ற நினைப்புத்தான் இல்லை.

சம்பளக் கதையைக் கேள். தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் சம்பளத்துக்குப் போட்டுவந்த கூட்டு ஒப்பந்தம் 2021இல் முறிந்தது. 2024இல் நாளுக்கு 1,700 ரூபா என்று அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவிப்பு வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அன்று எல்லோர் முகத்திலும் வெளிச்சம். கம்பனிகள் வழக்குப் போட்டன, இங்கே எல்லாவற்றுக்கும் மேலான உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, கடைசியில் செப்டம்பரில் 1,350இல் வந்து நின்றது. அப்புறம் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் புதிதாக ஒரு யோசனை: கம்பனி 1,550 கொடுக்கட்டும், வருகைக்கென்று 200 ரூபாவை அரசாங்கமே கொடுக்கும். அந்த 200 ரூபாய்க்குத் தங்கச்சி வீட்டில் எத்தனை தேவை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குத்தகைக்காரனிடம் வேலை செய்கிறவளுக்குக் காணிக்காரன் பொதுப்பணத்திலிருந்து கூலி கொடுப்பது எப்படிச் சரியாகும்? இது பழகிப்போனால், அடுத்த தடவையும் மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று கம்பனி கையை விரித்துவிடும். அதுதான் என் பயம்.

தேயிலை ஏலத்தில் விலை இல்லை, செலவு கூடிவிட்டது என்று கம்பனிகள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டுத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறுதோட்டக்காரர்கள் தருவது. சொந்தக் காணியில் அவர்களால் முடிகிறது. 200 வருடமாக இந்த மலையில் பாடுபடுகிற நம் சனத்துக்கு ஆளுக்கு ஒரு துண்டுக் காணியை உறுதிப் பத்திரத்தோடு எழுதிக் கொடுத்தால், தங்கச்சி தன் கூரையைத் தானே மாற்றிக்கொள்வாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கூடலூரில் உங்களைக் குடியேற்றிய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், முழுக்கத் தமிழ்நாடு அரசாங்கத்துடையது, நடுவில் தனியார் கம்பனி இல்லை. அங்கே கூரை ஒழுகினால் நீங்கள் யாரிடம் போகிறீர்கள்? போனால் செய்து தருகிறார்களா? விவரமாக எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பொகவந்தலாவை நண்பன்