கரடிக்குத் தொல்லை கொடுக்கும் ஓநாய்

அன்புள்ள ரவிக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். நாங்கள் சுகம். மகன் வேலை மாறிவிட்டான். இன்னும் கொஞ்ச நாள் அவனோடு இங்கே ஜெர்மனியில்தான் இருப்போம்.

"மீட்ட மிருகத்தைக் காட்டில் விடாமல் மறுபடி வேலிக்குள் அடைப்பானேன்?" என்று கேட்டிருந்தாய். பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில், 2010இல் தொடங்கிய கரடி, ஓநாய்ப் பூங்கா ஒன்றுக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருக்கும் கரடிகளில் பல சர்க்கஸிலும் குறுகலான கூண்டுகளிலும் காலம் கழித்தவை. காட்டில் விட்டால் பசித்ததும் நேரே மனிதனைத் தேடித்தான் வரும்.

ஒரு பழுப்புக் கரடி. சுற்றிலும் மரமும் சரிவுமாக அவ்வளவு இடம் இருக்கிறது. அது ஏழெட்டு அடி நடக்கிறது, தலையை ஒரு சுழற்று சுழற்றித் திரும்புகிறது, மறுபடி அதே ஏழெட்டு அடி. திரும்பும் இடத்தில் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. பழைய கூண்டின் அளவு அதன் காலில் அப்படியே தங்கிவிட்டது. நடந்து நடந்து அந்த இடத்தில் புல்லே முளைக்கவில்லை. எனக்கு ஏனோ பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வைத்தியம்தான் வேடிக்கை. அதே வேலிக்குள் ஓநாய்களையும் விட்டிருக்கிறார்கள்! அவையும் அடைபட்டு வளர்ந்தவைதான். கரடிக்கென்று ஒளித்துவைத்த தீனியை ஓநாய் மோப்பம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்று புதர் ஓரமாக வந்து நின்றது. நம்ம கரடி நடையை நிறுத்தி, மூக்கை உயர்த்தி, ஒரு உறுமலோடு பாய்ந்தது. ஓநாய் சிக்கவில்லை. ஆனால் கரடி அப்புறம் அந்தப் பழைய தடத்துக்குப் போகாமல், மரக்கட்டைகளைப் புரட்டித் தின்ன ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க ஆரம்பித்தது. காட்டில் இருக்கும் கரடிக்கு நாள் முழுக்க இதுதானே பிழைப்பு? அந்தக் கவலையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வருஷம் முழுக்க வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்ததால் குளிர்கால உறக்கத்தையே மறந்திருந்த கரடிகள்கூட, இங்கே வந்தபின் தாங்களே குழி தோண்டிக்கொண்டு தூங்கப் போகின்றனவாம்.

யூர்கா என்ற பெண் கரடியின் கதை வேறு. அது அசல் காட்டுக் கரடி. ஆல்ப்ஸில் கரடி இனத்தை மீட்க ஸ்லொவேனியாவிலிருந்து பிடித்து, 2001இல் இத்தாலியின் திரெந்தினோவில் விட்டார்கள். அதன் மகன்தான் புரூனோ. ஜெர்மனியில் சுமார் 170 வருஷத்துக்குப் பிறகு நடமாடிய முதல் காட்டுக் கரடி. ஆடுகளை அடித்தது என்று 2006 ஜூனில் சுட்டுக் கொன்றார்கள். இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து நிறுத்தியிருக்கிறது. தாயும் ஊர்ப் பக்கம் இரை தேடப் பழகியிருந்ததால் 2007இல் பிடித்து அடைத்தார்கள். பூங்கா தொடங்கிய வருஷம் இங்கே வந்தது. கூண்டில் பிறந்தவற்றுக்கு இந்த வேலி விடுதலை என்றால் யூர்காவுக்கு இது சிறைதான். அதை மழுப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இங்கே குட்டி போட விடுவதில்லை. வேலிக்குள் இன்னொரு தலைமுறை எதற்கு என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். கண் தெளிந்ததும் நீயே உன் கையால் எழுது. போன கடிதத்தில் உன் பேத்தியின் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

அன்புடன்,
சேகர்